கிறவல்

டென்மார்க்காரன் ஊருக்குத் திரும்பும்போது
விற்றுவிட்டுப் போன சைக்கிள்.
கடாக் கொம்புபோல் வளைந்த கைபிடி.
"இதன் பெயரே கிறவல் சைக்கிள்தான்" என்றான்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
இங்கே எந்தச் சைக்கிள்
கிறவலில் ஓடாமல் இருந்தது?
தார் வரும், வரும் என்று
தேர்தலுக்குத் தேர்தல் கொட்டிய செம்மண்ணில்
விறகும் ஆளும் மீன்பெட்டியுமாய்ப் போனவை
பெயரில்லாமலே போயின.

சனிக்கிழமை.
இரத்தக் குழாய்களைக் குளிர்ப்பெட்டியில் அடுக்கிவிட்டு
உப்புவெளியிலிருந்து மிதித்தேன்.
எக்ஸ்ரே முஃபீத், கிண்ணியாப் பாலம் கடந்து வந்து
அபயபுரச் சந்தியில் நின்றான்,
முதுகில் பம்பு, பையில் இடியப்பம்.

கன்னியாவுக்குத் திரும்புமுன்னமே
உடைமுள் ஒன்று முன்சில்லில் ஏறிவிட்டது.
காற்றுப் போகிற சத்தம்
பக்கத்தில் யாரோ "உஸ்" என்று அமர்த்துவதுபோல.
உருட்டிக்கொண்டு போனோம்.

ஏழு கிணறு, ஏழு சூடு.
இராவணன் தாய்க்குக் கடன் கழிக்கக்
குத்திய இடம் என்பார்கள்.
அன்றைக்கும் ஒருவர் கழித்துவிட்டு நின்றார்,
மொட்டைத் தலை, ஈர வேட்டி,
முப்பத்தோராம் நாள்.
ரியூபைக் கண்டதும்
கேட்காமலே வாளியை நீட்டினார்.

வெந்நீருக்குள் சுற்றிச் சுற்றி அமுக்கினோம்.
கிணற்றிலும் குமிழி, வாளியிலும் குமிழி.
"இந்தா, இதிலை"
பெருவிரலை வைத்துக் காட்டினார்.
பலநோக்குச் சங்கத்து லொறி ஓட்டுகிறாராம்.
ஒட்டுக் காயும்வரை யாரும் பேசவில்லை.
பிறகு, "ஒரு சுத்துப் போய்ப் பாக்கட்டே?"
வேட்டியை மடித்துக் கட்டி
டிக்கெட் கூண்டுவரை போனார்.
திரும்பினார்.
இன்னொரு தரமும் போனார்.
வானுக்குள்ளிருந்து அவருடைய ஆட்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

பெரியகுளத்துப் பாதை நேரே காட்டுக்குள்.
சில்லு சொல்வதைக் கை கேட்டது,
கை சொல்வதைப் பல் கேட்டது.
யானை லத்தி, காய்ந்தது.
கொஞ்சத் தூரத்தில் இன்னொன்று, காயாதது.
அதன்பிறகு ஏற்றங்கள் தெரியவில்லை.

வெல்கம் விகாரை.
செங்கல் மேடு, பாதியில் நின்ற தூண்கள்.
காவலாளி ரத்னபால சைக்கிளைத் தூக்கிப் பார்த்தார்,
ஒரு கையால்.
இறக்கிவைத்துவிட்டுக் கல்லைக் காட்டினார்.
"ஒங்கட எழுத்துத்தானே. வாசிங்க."

சோழர் காலத்துத் தமிழ்.
விளக்கெரிக்க மாடு கொடுத்தவர்களாம்.
குனிந்தேன்.
'க' போல ஒன்று.
'ர' ஆக இருக்கலாம், வெடிப்பாகவும் இருக்கலாம்.
தமிழுக்கு விசேட சித்தி எடுத்த நான்
ஒரு பெயரைக்கூட எழுத்துக்கூட்டி எடுக்கவில்லை.
"ஏலாது" என்றேன்.
"அநுராதபுரத்துக் கல்லு எனக்கும் அப்பிடித்தான்"
என்றவர், எங்கள் இடியப்பத்தில் இரண்டு எடுத்துக்கொண்டார்.

குளக்கட்டை மறித்து மாடுகள்.
முஃபீத் மணி அடித்தான், நாக்கால் 'ட்ர்ர்' என்றான்,
ஒரு காதுகூட அசையவில்லை.
விளக்குக்குக் கொடுத்த மாடுகளின் வழிவந்தவையோ என்னவோ,
விலை கூடின சைக்கிளுக்கு வழிவிடச் சொல்லி
எந்தக் கல்லிலும் வெட்டியிராது.
இறங்கினோம்.
சாணிக்கு நடுவே, மன்னிப்புக் கேட்கிற மாதிரி நடந்தோம்.

நிலாவெளி ரோட்டு காபெட்.
சைக்கிளுக்குச் சட்டென்று பேச்சு நின்றுபோனது.
யுத்தக் கல்லறைத் தோட்டத்தில் தண்ணீர் குடிக்க நின்றோம்.
ஒரே அளவுக் கற்கள், கத்தரித்த புல்.
கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம்:
பத்தொன்பது வயது.
இருபத்திரண்டு.
பத்தொன்பது.
முஃபீத் போத்தலை மூடிவிட்டு
"போவம்" என்றான்.

அன்றிரவும் வேலை.
கை இன்னும் கிறவலிலேயே ஓடிக்கொண்டிருந்தது.
குழாயில் ஒட்டும் லேபலில் பெயர் எழுதினேன்,
எழுத்துக் குலுங்கிச் சரிந்தது.
தாதி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"இது ஆர்?"
வாங்கிப் பார்த்தேன்.
'க' போல ஒன்று.